அறுபது யூனிட்டின் விலை

பழைய மின்மீட்டருக்குள் ஓர் அலுமினியத் தட்டு இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் படுக்கைவாட்டில் சுழலும். அதன் விளிம்பில் கறுப்பாகவோ சிவப்பாகவோ ஓர் அடையாளம். அந்த அடையாளம் ஒருமுறை கண்ணில் பட்டு, மறைந்து, மறுபடி வர எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்தால், அந்த நேரத்தில் வீட்டில் எத்தனை வாட் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சுற்று என்பது மீட்டர் முகப்பிலேயே எழுதியிருக்கும். 1,200 என்றிருந்தால், 3,000-ஐ விநாடிக் கணக்கால் வகுக்க வேண்டும். 100 வாட் பல்பு மட்டும் எரிந்தால் சுற்றுக்கு 30 விநாடி. 40 வாட்டுக்கு 75 விநாடி. 750 வாட் இஸ்திரிப் பெட்டிக்கு நான்கே விநாடி.

கும்பகோணத்துத் தெருக்களில் மின் கணக்கீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மீட்டர் பெரும்பாலும் திண்ணைச் சுவரிலோ ரேழியிலோ மரப்பலகையில் இருக்கும். பக்கத்தில் பீஸ் கட்டை, ஆணியில் வெள்ளை அட்டை. ரீடிங்கைக் குறித்துக்கொண்டு கிளம்பும்போது தவறாமல் வரும் கேள்வி, "எந்தச் சாமான் தம்பி இவ்வளவு இழுக்குது?" அதற்கு மனப்பாடமாக ஒரு பதில் சொல்ல எனக்கு மனம் வந்ததே இல்லை. மெயினை அணைக்காமல் மற்ற எல்லாவற்றையும் அணைக்கச் சொல்வேன். சந்தேகப்படும் பொருளை மட்டும் போடச் சொல்லி, தட்டையும் கைக்கடிகாரத்தையும் சேர்த்துக் காட்டுவேன். ஒரு முறை பார்த்தவர்கள் பிறகு தாங்களே பார்த்துக்கொண்டார்கள்.

இந்தக் கணக்குப் பழக்கத்துக்கு நம் மாநிலத்தில் நீண்ட வரலாறு இல்லை. மதராசில் மின்சார டிராம் 1895-இல் ஓடியது. ஆனால் வீட்டுக்கு விளக்கு என்பது வெகுகாலம் பெரிய மனிதர்களின் சமாசாரம். 1932-இல் பைக்காரா, 1937-இல் மேட்டூர் என்று நீர்மின் நிலையங்கள் வந்தபோதும் அந்த மின்சாரத்துக்காக முதலில் காத்திருந்தவை கோவை மில்கள் போன்ற ஆலைகள்தாம். 1957 ஜூலை 1-ஆம் தேதி மின்வாரியம் அமைந்து, கம்பி ஊர் ஊராகப் போன பிறகுதான் சாதாரண வீட்டுக்காரருக்கு யூனிட் என்ற சொல்லே பழக்கமானது. 1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்.

அந்தக் காலத்து வீட்டில் மதிப்பீடு என்பது பல்பை எண்ணுவதுதான். கூடத்தில் 60 வாட், அடுக்களையில் 40, வாசலில் 40. 60 வாட் பல்பு தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால், ஒரு பில்லுக்கான இரண்டு மாதத்தில் 18 யூனிட். டியூப் லைட் வந்தபோது அது அதிகம் இழுக்கும் என்று பயந்தவர்கள் உண்டு. 40 வாட் டியூபும் அதன் சோக்கும் சேர்ந்து 55 வாட் அளவில் வரும். ஆக, 60 வாட் பல்பை விடக் கொஞ்சம் குறைவுதான். வெளிச்சமோ மூன்று மடங்கு. 'ஜீரோ வாட்' பல்புக்கு அந்தப் பயம் இல்லை. பெயரே ஜீரோ அல்லவா! பூஜை அறையிலும் படுக்கை அறையிலும் விடிய விடிய எரிந்தது. உண்மையில் அது 15 வாட் பல்பு. இரவுக்குப் பத்து மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 9 யூனிட். இவ்வளவு சிறிய சுமையைப் பழைய மீட்டர்கள் சரியாகப் பதிவு செய்யாததால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

மோட்டார் வைத்த பொருள்கள் வந்ததும் கண்ணால் எண்ணும் கணக்கு குழம்பியது. கோவையில் பிறந்த வெட் கிரைண்டர் வீட்டுக்குள் நுழைந்தபோது அதன் சத்தமே ஜனங்களைப் பயமுறுத்தியது. சத்தம் போடுகிற பொருள் கரண்டைத் தின்னும் என்ற நம்பிக்கை இன்றும் போகவில்லை. பட்டு நெசவுக்காரர் தெருவில் ஒரு பாட்டி, மகன் வாங்கிக் கொடுத்த கிரைண்டரைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டு ஆட்டுக்கல்லிலேயே மாவாட்டிக்கொண்டிருந்தார். "பில்லு ஏறிடும் தம்பி" என்றார். அரைக் குதிரைத்திறன் மோட்டார், வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம். எவ்வளவு தாராளமாகப் போட்டாலும் இரண்டு மாதத்துக்கு ஆறேழு யூனிட்டைத் தாண்டாது. அதே வீட்டில் 75 வாட் மின்விசிறி தினம் பத்து மணி நேரம் சுழன்று 45 யூனிட் எடுத்துக்கொண்டிருந்தது. அதை யாரும் சந்தேகப்படவில்லை. அந்தப் பாட்டியின் தோள் வலியை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆற்றாமையாக இருக்கிறது. பொருளின் வேகத்தைப் பார்த்தார்களே தவிர, அது ஓடும் நேரத்தை யாரும் பார்க்கவில்லை.

2006-இல் அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சி வந்தது. 2011-இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. இவற்றை நான் குறை சொல்லமாட்டேன். அம்மியிலிருந்து பல பெண்களை எழுப்பிவிட்டவை அவை. நடுவே மின்வெட்டுக் காலம். 2012-இல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாத ஊர்கள் இருந்தன. முடிந்தவர்கள் இன்வெர்ட்டர் வைத்தார்கள். கரண்ட் இல்லாத மாதத்தில் பில் எப்படி ஏறும் என்று கேட்டார்கள். 150 ஆம்பியர்-மணி பேட்டரி முழுதும் இறங்கி மறுபடி ஏற இரண்டு யூனிட்டுக்கு மேல் வேண்டும். அதில் ஒரு பங்கு வெப்பமாகவே வீணாகும். தினம் இப்படி நடந்தால் இரண்டு மாதத்தில் 120 யூனிட்டைத் தாண்டும்.

பிறகு தட்டு போய், மின்னணு மீட்டர் வந்தது. சிறு சுமையையும் அது விடுவதில்லை. ரிமோட்டில் மட்டும் அணைத்த செட்டாப் பாக்சையும் கணக்கில் சேர்க்கும். தட்டைப் பார்க்கும் பழக்கம் அதோடு ஜனங்களிடம் அற்றுப்போனது. எனக்குப் பெரிய நஷ்டமாகப் படுவது இதுதான். ஆனால் வழி மூடிவிடவில்லை. மீட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கும். பக்கத்தில் யூனிட்டுக்கு 3,200 மினுக்கு என்பது போல எழுதியிருக்கும். அப்படியென்றால் பத்து மினுக்குக்கு ஆகும் விநாடியால் 11,250-ஐ வகுங்கள், வாட் கிடைக்கும்.

இதுவரை சொன்னது யூனிட் கணக்கு. ரூபாய்க் கணக்கு வேறு கதை. அங்கேதான் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். 2016 முதல் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். அதற்கு மேல் மொத்தம் எவ்வளவு என்பதைப் பொறுத்து விகிதமே மாறும். 2022 செப்டம்பருக்கு முன்பு 500 யூனிட் ஓட்டிய வீட்டுக்கு பில் 1,130 ரூபாய்; 501 ஓட்டிய வீட்டுக்கு ஏறக்குறைய 1,787. ஒரே ஒரு யூனிட்டுக்கு அறுநூற்றைம்பது ரூபாய்க்கு மேல் வித்தியாசம்.

இரண்டு மாதத்துக்கு 60 யூனிட் எடுக்கும் ஒரு பிரிட்ஜை எடுத்துக்கொள்வோம். 130 யூனிட் ஓட்டிய வீட்டில் அது சேர்ந்தால் 190. அன்றைய விகிதத்தில் கூடுதல் செலவு 90 ரூபாய். 460 ஓட்டிய வீட்டில் சேர்ந்தால் 520. கூடுதல் செலவு 902 ரூபாய். அதே பிரிட்ஜ், அதே தெரு. "இந்தப் பிரிட்ஜுக்கு மாதம் இவ்வளவுதான் சார் ஆகும்" என்று கடையில் ஒரே தொகையைச் சொன்னால் அது எந்த வீட்டுக்கும் பொருந்தாத தொகை. 2022 செப்டம்பர் 10-இல் விகிதம் திருத்தப்பட்டபோது அந்தப் பள்ளம் சுருங்கியது. 500-க்கு 1,725 ரூபாய், 501-க்கு 1,958 என்றானது. நமது பிரிட்ஜ் சின்ன வீட்டில் 135 ரூபாய்க்கும் பெரிய வீட்டில் 625 ரூபாய்க்கும் வந்து நின்றது. வித்தியாசம் குறைந்ததே ஒழிய மறையவில்லை. பிறகும் விகிதம் கூடியிருக்கிறது.

ஐந்நூறைத் தாண்டாமல் இருக்க இரண்டாவது மாதக் கடைசியில் ஏசியை அணைத்து வைக்கும் வீடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். மணிக்கு ஒரு யூனிட் எடுக்கும் ஏசியை இரவில் எட்டு மணி நேரம் போட்டால் அதுவே 480 யூனிட்டை எட்டிவிடும். கடைசி நான்கு நாள் அணைத்துப் புண்ணியமில்லை. ரீடிங் எடுக்க வருபவர் நாலைந்து நாள் தள்ளி வந்தால் அந்த நாள்களின் யூனிட்டும் அதே பில்லில் சேரும். மாதந்தோறும் கணக்கெடுக்க வேண்டும் என்று மக்கள் கேட்பது இதனால்தான். அது நியாயமான கோரிக்கை என்பதே என் முடிவு.

அது வரும்வரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அட்டையில் கடைசியாகக் குறித்த எண்ணை எடுத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை மீட்டர் எண்ணைக் காலண்டரில் எழுதி வாருங்கள். நான்காவது வாரத்தில் 230 யூனிட்டைத் தாண்டியிருந்தால் அன்றே வீட்டில் பேசுங்கள். புதுப் பொருள் வாங்கப் போகும்போது கடைசி ஆறு பில்லையும் கையோடு கொண்டு போங்கள்.