வெறிநாயும் கடிநாயும்

‘வெறிநாய்’ என்னும் தமிழ்ச்சொல் நெடுங்காலமாக இரண்டு வேறு நாய்களைக் குறித்து வந்திருக்கிறது. ரேபிஸ் என்னும் வைரஸ் நோய் மூளையைத் தாக்கியதால் கடித்து, சில நாட்களில் தானும் இறந்துபோகும் நாய் ஒன்று; அச்சத்தாலோ உடல்வலியாலோ, குட்டியையும் உணவையும் காக்கும் முனைப்பாலோ கடிக்கும் நோயற்ற நாய் மற்றொன்று.

நாகப்பட்டினத்தை அடுத்த நாகூரில் நாயின் இடம் வாசலுக்கு வெளியே இருந்தது. அங்குள்ள முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபி சட்டமரபு, நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அவற்றுள் ஒரு முறை மண் சேர்த்து, கழுவச் சொல்கிறது; எனினும் வேட்டைக்கும் கால்நடை, பயிர்க் காவலுக்கும் நாய் வளர்ப்பதை அது விலக்கவில்லை. சுற்றியுள்ள நெல்வயல் ஊர்களிலும் நாய் களத்திலும் கொல்லையிலும் கிடந்ததேயன்றி அடுப்படிக்கு வந்ததில்லை. இவ்வாழ்க்கையில் நாய்க்கு ஒரு வசதி இருந்தது: பிடிக்காத ஆளைக் கண்டால் உறுமிவிட்டு ஒதுங்க அதற்கு இடமிருந்தது.

கடி நேர்ந்தபின் மனிதருக்குத்தான் போக்கிடம் இல்லை. பிரெஞ்சு அறிவியலாளர் பாஸ்டர் 1885இல் கண்ட ரேபிஸ் தடுப்புச் சிகிச்சை, 1900இல் இமயமலைச் சாரலிலுள்ள கசௌலிக்கு வந்தது. தென்னிந்தியாவுக்கு அது எட்டாத தொலைவு. 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்னும் ஆங்கிலப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்தது ஆட்சியாளரை உலுக்கியது. அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ் அளித்த நன்கொடையின் துணையோடு 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் எழுந்தது. அதன்பிறகும் நாகூர்க்காரர் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர், திருச்சி வழியாக ரயில் மாறி மாறி மேட்டுப்பாளையம் சென்று மலைரயிலும் ஏற வேண்டியிருந்தது. 1911இல் டேவிட் செம்பிள் கசௌலியில் உருவாக்கிய, ஆட்டு மூளையிலிருந்து எடுக்கப்பட்ட தடுப்பூசிதான் ‘தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி’ என்று தமிழகம் முழுதும் பேசப்பட்டது. நாயைவிட ஊசிக்கு அஞ்சிய தலைமுறைகள் உண்டு. அரிதாக நரம்புமண்டலத்தையே பாதித்த அம்மருந்தின் உற்பத்தி 2005ஐ ஒட்டித்தான் நின்றது.

இவ்வச்சம் நோயற்ற நாய்களையும் பலிகொண்டது. சென்னையில் மாநகராட்சி வண்டிகள் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தபோதும், காலியான தெருவுக்கு வேறு நாய்கள் வந்தமையால் எண்ணிக்கை குறையவில்லை. 1959இல் தொடங்கப்பட்ட ப்ளூ கிராஸ் விலங்குநல அமைப்பு நெடுநாள் வலியுறுத்திய கருத்தடைத் திட்டம் 1996இல் அங்கே நடைமுறைக்கு வந்தது. 2001இல் அது நாடு தழுவிய விதியாயிற்று. கடித்த நாயைக் கொல்லாமல் பத்து நாட்கள் அடைத்துவைத்துக் கவனிக்கும் வழக்கமே இரு நாய்களையும் பிரித்துக் காட்டியது; கடித்தபோது எச்சிலில் ரேபிஸ் கிருமி இருந்த நாய் அதற்குள் நோயுற்று இறந்துவிடும்.

உயிரோடு மீளும் நாய் ஏன் கடித்தது என்னும் கேள்வி, தெருநாயை வீட்டுக்குள் தத்தெடுக்கும் அண்மைக்கால வழக்கத்தோடு கூர்மையடைந்துள்ளது. தெருவில் ஒதுங்கிப் பழகிய நாய் நான்கு சுவர்களுக்குள் ஒதுங்க இடமின்றிப் பல்லைக் காட்டுகிறது. உறுமியதற்கு அடி வாங்கினால், அடுத்த முறை உறுமாமலே கடிக்கிறது. வலி இருக்கிறதா என மருத்துவர் பார்ப்பதும், தனி மூலை தருவதும், உணவின்போது தொடாதிருப்பதும் இதனால்தான் முதலில் சொல்லப்படுகின்றன.

2025 ஆகஸ்ட் 22ஆம் நாள் உச்ச நீதிமன்றம், கருத்தடையும் தடுப்பூசியும் செய்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று ஆணையிட்டபோது, ரேபிஸ் கண்டவற்றையும் ஆக்ரோஷமானவற்றையும் ஒருசேர விலக்கியது. ஆக்ரோஷம் எதுவென வரையறுக்கவில்லை. தத்தெடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வரக்கூடாது என்பதும் அதே ஆணையில் உள்ளது.