கானக்கோழியின் கழுத்து: ஒரு தூண்டில் இறகு கடல் கடந்த கதை

சாம்பியன் ரீப்ஸ் கடைத்தெருவில் நூல், ஊசி, பொத்தான், சரிகை விற்கும் கடை வைத்திருக்கிறேன். பிறப்பால் சமணன், மீன் பிடிப்பவனும் அல்லன், உண்பவனும் அல்லன். அப்படிப்பட்ட நான் தூண்டிலைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று சங்கத்து அன்பர்கள் கேட்கலாம். காரணம் என் வியாபாரம்தான். சில ஆண்டுகளுக்கு முன், அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்ம ஊர்ப் பையன் ஒருவன் விடுமுறைக்கு வந்திருந்தான். கடையில் மெல்லிய பட்டு நூலும் தங்கச் சரிகையும் பொறுக்கிப் பொறுக்கி எடுத்தான். "புடவைக்கா தம்பி?" என்றேன். "இல்ல அண்ணாச்சி, மீனுக்கு" என்று சிரித்தான். கைப்பேசியில் தன் தூண்டில் பெட்டியைப் படமாகக் காட்டினான். இறகும் நூலும் கொண்டு கட்டிய சின்னஞ்சிறு பூச்சிகள், பொடிமீன்கள். பழைய பாணியில் கட்டிய ஒன்றின் கன்னத்தில் மட்டும் மெழுகு சொட்டியது போல வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு புள்ளி. "இதுக்குப் பேர் ஜங்கிள் காக்" என்றான். எந்த நாட்டுச் சரக்கு என்று கேட்டேன். அது அவனுக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்ததில் கிடைத்தவற்றை இங்கே வைக்கிறேன்.

முதலில் இந்தத் தொழிலைப் புரிந்துகொள்ள வேண்டும். மண்புழுவையோ தவளையையோ முள்ளில் கோத்துப் போடுவது நாம் அறிந்த தூண்டில். இறகுத் தூண்டிலில் உயிருள்ள இரை கிடையாது. தூண்டில் முள்ளை ஒரு சிறு வைஸில் இறுக்கிப் பிடிக்க வேண்டும். மெழுகு பூசிய நூலை முள்ளின் கண்ணிலிருந்து வளைவு வரை நெருக்கமாகச் சுற்றி அடித்தளம் போடுவார்கள். வால் பக்கத்தில் ஒரு கொத்து இறகு. உடம்புக்குக் கம்பளி நூலோ மயிலிறகின் இழையோ. அதன் மேல் இடைவெளி விட்டுச் சரிகைச் சுற்று. பிறகு சேவலின் கழுத்து இறகை நுனியில் பிடித்து மூன்று நான்கு முறை சுற்றினால் அதன் மயிர்கள் பூச்சியின் கால் போல விரிந்து நிற்கும். கடைசியில் தலைப்பகுதியை நூலால் முடிந்து வார்னிஷ் தடவினால் வேலை முடிந்தது. சரிகை எதற்கென்றால், பொடிமீன் திரும்பும்போது அதன் வயிற்றில் மின்னுமே, அந்த மின்னலுக்காக.

அமெரிக்கர்கள் இப்படிப் பிடிக்கும் மீன்களில் பெயர் பெற்றது பாஸ். நம் கடலோர மக்கள் கொடுவா என்று சொல்லும் மீனை ஆங்கிலத்தில் கடல் பாஸ் என்பார்கள். அது வேறு குடும்பம். அமெரிக்க நன்னீர்ப் பாஸின் குணத்துக்கு ஒப்பிட வேண்டுமானால் நம் ஏரி விரால்தான் சரி. இரண்டும் பாசிக்குள்ளும் கோரைக்குள்ளும் பதுங்கியிருந்து, மேலே தவளை தத்தினால் ஒரே பாய்ச்சலாகப் பாயும். ஆகவே பாஸுக்கான இறகுப் பூச்சி, சாமன் மீனுக்கானதைப் போல அலங்காரமாக இருக்க வேண்டியதில்லை. தவளை போலத் தண்ணீரைக் கலக்கினால் போதும். இதற்கு மான் வயிற்று மயிரைப் பயன்படுத்துகிறார்கள். அந்த மயிர் உள்ளே காற்றறைகள் கொண்டது, மிதக்கும். ஒரு கொத்தை முள்ளின் மேல் வைத்து, இரண்டு சுற்று நூல் போட்டு இழுத்தால் மயிர் பூப்போல விரியும். அடுத்தடுத்த கொத்துகளை நெருக்கி வைத்துக் கட்டி, பிளேடால் தவளை உருவத்துக்குச் செதுக்குவார்கள். பாசியில் சிக்காமல் இருக்க முள்ளின் முன்னால் விறைப்பான நைலான் வளையம் ஒன்று.

எந்த நேரத்துக்கு எது என்பதிலும் கணக்கு உண்டு. விடியலிலும் அந்தியிலும் மிதக்கும் தவளை. அல்லி இலையின் ஓரத்தில் போட்டுவிட்டு, வளையம் வளையமாகப் போகும் அலை அடங்கும் வரை கையை அசைக்கக் கூடாது. பிறகு ஒரே ஒரு சிறு சுண்டல். வெயில் ஏறிவிட்டால் கனம் கட்டிய, மூழ்கும் பொடிமீன். தெளிந்த நீருக்கு வெளிர் நிறம். கலங்கிய நீருக்குக் கறுப்பு, ஏனென்றால் கலங்கலில் நிறம் தெரியாது, நிழலுருவம்தான் தெரியும். துணிக்கடைக்காரன் விளக்கொளியில் ஒரு நிறமும் பகலில் ஒரு நிறமும் காட்டுகிற மாதிரிதான் இது!

இனி அந்தப் புள்ளி இறகுக்கு வருவோம். பொடிமீனுக்குக் கண் வேண்டும். அந்தக் கண்ணாக அமைந்ததுதான் ஜங்கிள் காக் இறகு. காட்டுக்கோழி வகைகள் உலகில் நான்கு. அவற்றில் கழுத்து இறகின் நுனியில் மெழுகு போன்ற புள்ளி உடையது நம் சாம்பல் காட்டுக்கோழி, அதாவது கானக்கோழி மட்டுமே. அதன் வீடு இந்தியத் தீபகற்பம். குறிப்பாக மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகள். பர்மாவிலும் வட இந்தியாவிலும் உள்ள சிவப்புக் காட்டுக்கோழிக்கு இந்தப் புள்ளி இல்லை. குறுந்தொகையின் 242ஆம் பாடலைப் பாருங்கள்: காட்டுச் சேவலின் கழுத்தில் ஒளிவிடும் புள்ளிகள் இருப்பதையும் அதன் மேல் நீர்த்துளி விழுவதையும் புலவர் சொல்கிறார். முல்லை நிலத்துக் காட்சி அது. பறவை இன்னதென்று ஐயப்பட இடமே இல்லை என்பது என் துணிபு. உலகம் முழுவதும் மீன்பிடிப்போர் தேடி வாங்கிய புள்ளியை முதலில் கவனித்து எழுதிவைத்தவர்கள் நம்மவர்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஐரோப்பியருக்கு இப்பறவையை அறிமுகம் செய்தவர் பிரெஞ்சுப் பயணி பியர் சொன்னரா. புதுச்சேரி உள்ளிட்ட இடங்களில் திரிந்து 1782இல் தம் பயண நூலை வெளியிட்டார். வீட்டுக் கோழியின் மூதாதை இதுவே என்று கருதினார். 1813இல் டெமிங்க் என்ற டச்சு அறிஞர் அவர் பெயரையே பறவைக்கு வைத்தார். சிவப்புக் காட்டுக்கோழிதான் மூதாதை என்று பின்னாளில் முடிவு கட்டி, சொன்னராவை ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் 2008இல் வந்த மரபணு ஆய்வொன்று, வீட்டுக் கோழியின் மஞ்சள் தோலுக்கான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று காட்டியது. முழு உரிமை இல்லாவிட்டாலும் பங்காளி உரிமை உண்டு என்று ஆகிவிட்டது.

வெள்ளையர் ஆட்சியில் தூண்டில் ஒரு பெரிய பொழுதுபோக்கு. சென்னை மாகாண சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் இந்தியத் தூண்டில் பற்றி ஒரு நூலும், 1887இல் ஏரி, குளங்களில் தூண்டில் போடுவது பற்றித் தனியே ஒரு நூலும் எழுதினார். நம் பேத்தமங்கலம் ஏரிக்கரையில் உட்கார்ந்து படிக்கத் தக்கது இரண்டாவது. தங்கவயல் சுரங்கங்களுக்கு 1902இல் மின்சாரம் அனுப்பத் தொடங்கிய சிவசமுத்திரம் பக்கத்துக் காவிரியோ மாசீர் மீனுக்குப் பேர் போனது.

ஆனால் இறகு வியாபாரத்தின் தலைநகர் லண்டன். ஜார்ஜ் கெல்சன் 1895இல் எழுதிய சாமன் தூண்டில் நூல், ஒரே பூச்சிக்குப் பல கண்டத்துப் பறவைகளின் இறகைக் கேட்கும். 'ஜாக் ஸ்காட்' என்ற புகழ்பெற்ற பூச்சியின் பக்கவாட்டில் நிற்பது நம் கானக்கோழி இறகுதான். இதில் ஒரு வேடிக்கை: அந்த வட்டாரத்தில் 'இந்தியன் க்ரோ' என்று விற்ற இறகு இந்தியாவுடையதே அல்ல, தென்னமெரிக்கப் பறவையுடையது. உண்மையில் இந்தியாவிலிருந்து போனதற்கோ வெறும் 'காட்டுச் சேவல்' என்று ஊர் பேர் இல்லாத பெயர். சரக்கின் பிறப்பிடம் பெட்டியிலிருந்து அழிவது வியாபாரத்தில் புதிதல்ல. மணப்பாறை முறுக்கு எங்கெங்கோ சுடப்படுவதை நாம் அறிவோம்.

பாஸ் மீனுக்கு வருவோம். 1881இல் ஜேம்ஸ் ஹென்ஷால் என்ற மருத்துவர் அம்மீனுக்கென்றே ஒரு நூல் எழுதி அதன் மதிப்பை உயர்த்தினார். 1892இல் மேரி ஆர்விஸ் மார்பரி என்ற பெண்மணி, வெர்மான்ட் மாநிலத்தில் பெண்களைக் கொண்டு பூச்சி கட்டும் பட்டறையை நடத்தியபடியே, எந்த ஊரில் எந்தப் பூச்சி எடுபடுகிறது என்று நாடெங்கும் கடிதம் வாங்கித் தொகுத்து வண்ணப் படங்களோடு வெளியிட்டார். வாடிக்கையாளரின் கடிதத்தையே ஆராய்ச்சியாக்கிய அந்த அம்மையாரை, கடைக்காரன் என்ற முறையில் கும்பிடத் தோன்றுகிறது.

இத்தனைக்கும் விலை கொடுத்தது பறவை. கானக்கோழியின் கழுத்தை மொத்தமாகத் தோலோடு உரித்துத்தான் விற்றார்கள். தொப்பிக்கும் தூண்டிலுக்குமாகப் பறவைகள் கொல்லப்படுவது கண்டு 1902இல் இந்திய அரசு காட்டுப் பறவை இறகு ஏற்றுமதியைத் தடை செய்தது. 1913இல் அமெரிக்காவும் 1921இல் பிரிட்டனும் இறக்குமதிக்குக் கதவடைத்தன. அப்படியும் 1952இல் அமெரிக்கா தன் சட்டத்தைத் தளர்த்தி, தூண்டில் பூச்சிக்கென்றே ஆண்டுக்கு 5,000 சாம்பல் காட்டுக்கோழித் தோல் வரை உள்ளே விட இடம் கொடுத்தது. அந்த எண்ணைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சட்டத்தில் பறவையின் அறிவியல் பெயர் உண்டு. எந்தக் காட்டிலிருந்து வர வேண்டும் என்பதை யார் யோசித்தார்கள்? நம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகே இங்கே பிடிப்பதற்கும் விற்பதற்கும் கடிவாளம் இறுகியது.

ஆசை அத்தோடு அடங்கவில்லை. 2009 ஜூனில், லண்டனில் புல்லாங்குழல் படித்துக்கொண்டிருந்த அமெரிக்க மாணவன் ஒருவன் டிரிங் அருங்காட்சியகத்தின் ஜன்னலை உடைத்து 299 பறவைத் தோல்களைத் திருடினான். பழைய சாமன் பூச்சிகள் கட்டுவதற்கும் விற்பதற்கும்தான். அவற்றில் சில, ஆல்பிரட் ரஸல் வாலஸ் தம் கையால் சேகரித்தவை.

பாஸ் பிடிப்பவர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் தேவலை. 1967இல் பென்சில்வேனியாவில் ரஸல் பிளெஸிங் கட்டிய 'வூலி பக்கர்' என்ற பூச்சிக்கு வான்கோழி மென்னிறகும் வீட்டுச் சேவலின் கழுத்து இறகும் போதும். 1980களில் பாப் கிளவுசர் கட்டிய பொடிமீனுக்குக் கண்ணே உலோகம். கண்ணும் ஆயிற்று, கனமும் ஆயிற்று. கானக்கோழிப் புள்ளிக்குப் பதிலாக அச்சடித்த பிளாஸ்டிக் கண்ணும் கிடைக்கிறது. வெளிநாடுகளில் கானக்கோழியைப் பண்ணையில் வளர்த்தும் விற்கிறார்கள். அங்கும் கழுத்துத் தோல் வேண்டுமென்றால் பறவை சாக வேண்டும். எங்கள் முனிவர்கள் கையில் ஏந்தும் பீலி, மயில் தானாக உதிர்த்த தோகையால் ஆனது. பூச்சி உடம்பில் சுற்றும் மயிலிழையும் அப்படி உதிர்ந்ததாக இருக்க முடியும், தோகைக்காக மயிலைக் கொல்ல வேண்டியதில்லை. கழுத்துத் தோலுக்கு அந்த வழி கிடையாது.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஊருக்கு வந்து போகும்போது, கிராமத்தில் யாரோ கொடுத்தார்கள் என்று காட்டுக்கோழி இறகைப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். இங்கும் குற்றம், இறங்கும் இடத்திலும் வம்பு. உதிர்ந்த மயில்தோகையை உள்நாட்டில் வைத்துக்கொள்ள 1972 சட்டமே விலக்கு அளித்தது என்றாலும் ஏற்றுமதிக்குத் தடை உண்டு. பட்டு நூலும் சரிகையும் எத்தனை கண்டு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம்.