தோல் போன வழி

பாலாற்றையும் அதன் கிளையாறுகளையும் ஒட்டிக் கிடக்கும் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, குடியாத்தம், வேலூர், மேல்விஷாரம், இராணிப்பேட்டை முதலான ஊர்களில் சென்ற நூற்றாண்டில் பிறந்து வளர்ந்த ஒருவரிடம், தாம் முதன்முதலாகச் சமுத்திரத்தைக் கண்டது எப்போது, யாருடன் போய்க் கண்டது என்று விசாரித்தால், அவர் சொல்லத் தொடங்கும் கதை எங்கெங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரு ரயிலடியிலோ ஒரு தோல் மண்டியிலோதான் வந்து நிற்கும். கடற்கரைக்குப் போன பால்ய ஞாபகங்கள் எல்லா ஊராருக்கும் உண்டு. ஆனால் வட ஆற்காட்டாருக்குக் கடலைக் காட்டியது க்ஷேத்திர யாத்திரையைக் காட்டிலும் வியாபாரமே என்பது என் துணிபு.

ரயில் வழியே அளந்தால் காட்பாடியிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர். ஆம்பூரிலிருந்து ஏறக்குறைய 180. மாட்டு வண்டி நாளில் அது பல நாள் பிரயாணம். ஒரு பக்கம் ஜவ்வாது மலையும் மறுபக்கம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் மற்றக் கிளைகளும் அடைத்து நிற்க, நடுவே வாழ்ந்த பிள்ளைகள் கண்ட நீர்ப்பரப்பெல்லாம் வேலூர்க் கோட்டையின் அகழியும், மழை பெய்த வருஷத்தில் நிரம்பும் ஏரியும்தான். கர்நாடகத்து நந்தி மலையில் பிறந்து, 348 கிலோமீட்டர் ஓடி, கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூரில் கடலோடு கலப்பதாகப் பூகோளப் புத்தகம் வர்ணிக்கும் பாலாறோ, வருஷத்தின் பெரும்பகுதி மணலாகவே கிடந்து, வேலூருக்கு ‘நீரில்லாத ஆறு’ என்ற ஏச்சைத் தேடித் தந்தது. அந்த ஆறு 1903 நவம்பரில் திடீரென்று பெருகி வாணியம்பாடியைப் பாழாக்கி அநேக உயிர்களைக் கொண்டு போயிற்று. அப்புறம் நெடுங்காலம் வரையில், கடல் எவ்வளவு பெரியது என்று கேட்ட குழந்தைக்குப் பெரியவர்கள் எடுத்துக்காட்டாகச் சொல்வதற்கு அந்த வெள்ளம் ஒன்றுதான் இருந்தது.

யாத்திரையால் கடலைக் கண்டவர்களே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சாஸ்திரம் அறிந்த குடும்பங்களில் சமுத்திர ஸ்நானம் என்பது நினைத்தபோது செய்யக்கூடிய காரியமாக இருக்கவில்லை. சேதுவைத் தவிர்த்த மற்ற இடங்களில், அமாவாசை, பௌர்ணமி, கிரகணம் போன்ற புண்ணிய காலங்களில் அன்றிச் சமுத்திரத்தைத் தொடுவதே தோஷம் என்று எண்ணினார்கள். தை அமாவாசை, ஞாயிற்றுக்கிழமை, திருவோணம், வியதீபாத யோகம் ஆகியவை ஒன்றுகூடும் அர்த்தோதயம் வாய்க்கும்போது ஜனங்கள் திரள் திரளாகக் கடற்கரைக்குப் புறப்படுவார்கள்; அது வாய்ப்பதோ மிக அபூர்வம். முஸ்லிம் குடும்பங்கள் நாகூர்க் கந்தூரிக்கும், சென்னைக்குத் தெற்கே கோவளத்துத் தர்காவுக்கும் போயின. கிறிஸ்தவர்கள் வேளாங்கண்ணிக்குப் போனார்கள். இந்த மூன்று தலங்களிலும் கடல் என்பது வழிபாட்டுக்குப் பக்கத்தில் தற்செயலாக இருந்த ஒரு நீர்ப்பெருக்கே தவிர, அதைப் பார்ப்பதற்கென்றே எவரும் மூட்டை கட்டவில்லை.

இந்தப் பிராந்தியத்திலிருந்து கடற்கரைக்குக் குடிபெயர்ந்த முதல் பெரிய குடும்பம் ஆற்காட்டு நவாபினுடையது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வாலாஜாபேட்டைக்குத் தம் பட்டப்பெயரைத் தந்த முகம்மது அலி வாலாஜா, பாலாற்றங்கரைத் தலைநகரைத் துறந்து சேப்பாக்கத்தில் கடலைப் பார்த்த மாளிகையை 1768-ல் கட்டி முடித்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். கம்பெனியாரின் கோட்டை நிழலில் ஒதுங்குவதற்காகச் செய்த காரியம் அது. கடற்காற்றுக்காகப் போனார் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

சாமானிய ஜனங்களுக்கு வழி திறந்தது 1856-ஆம் வருஷம் ஜூலை மாதம் முதல் தேதி. தென்னிந்தியாவின் முதல் பிரயாணி ரயில் அன்றுதான் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் ஏறக்குறைய 65 மைல் ஓடிற்று. இந்தச் செய்தியைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் அந்த இரண்டு நிலையங்களும் எங்கே இருக்கின்றன என்பதை நின்று யோசித்தவர்கள் குறைவு. ஒன்று ஆற்காட்டுச் சீமையின் வாசல். மற்றொன்று, உயர்ந்த தூண்களோடு இன்றும் நிற்கும் இராயபுரம் நிலையம், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ளது. ஆகவே தென்னாட்டின் முதல் பிரயாணி ரயில் பாதையே எங்கள் சீமையைக் கடற்கரையோடு பிணைத்த பாதையாக அமைந்தது. அதே பாதை மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று நீண்டு, 1862-க்குள் மலையாளக் கரையில் பேப்பூர் வரை சென்றது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர்க் கிளை 1864-ல் திறந்தது. சென்ட்ரல் நிலையம் 1873-ல் ஏற்பட்ட பிறகுதான் எங்கள் பக்கத்து ரயில்கள் கடலை விட்டுச் சற்று உள்ளே தள்ளி நிற்கலாயின.

அந்த ரயிலில் மனிதர்களுக்கு முன்னுரிமை இருந்ததாகச் சொல்ல முடியாது; சரக்குகளுக்கு இருந்தது. சரக்குகளில் எங்கள் ஊருக்குரியது தோல். ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் இட்டு, மயிர் நீக்கி, சதை வழித்து, பிறகு ஆவாரம்பட்டைச் சாற்றில் பல நாள் கிடத்தி, கடுக்காய் நீரில் தோய்த்து, எண்ணெய் பூசி உலர்த்திய பாதித் தோல், கட்டுக் கட்டாக ரயிலேறிச் சென்னைப் பெரியமேட்டுக்குப் போய், அங்கே தரம் பிரிந்து, கப்பலேறி லண்டன் சேர்ந்தது. பூட்ஸும் பையும் அங்கே ஆயின. அவற்றின் முதல் பாதி ஜன்மம் மட்டும் பாலாற்றங்கரையில் கழிந்தது. ஆவாரம்பட்டை போதாமல் போன பிற்காலத்தில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டையும் இதே கடல்வழியாக வந்து சேர்ந்தது.

பெரியமேட்டுக்கும் சென்ட்ரலுக்கும் நடை தூரம்தான். சரக்குக்கு விலை பேசவும் பாக்கி வசூலிக்கவும் மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை சென்னை போகும் வியாபாரி, பள்ளி விடுமுறையில் மூத்த பையனைக் கூட அழைத்துப் போவது வழக்கமாக இருந்தது. தொழில் பழகட்டும் என்பது சாக்கு. பையனின் கண்ணெல்லாம் வேறெங்கோ இருக்கும். மண்டியில் அவன் ஒரு கட்டின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். தரம் பார்ப்பவர் ஒவ்வொரு தோலாகப் புரட்டி, உட்புறத்தை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்து, விரலால் நீவி, கத்தி பட்ட கீறலையும் உண்ணி கடித்த புள்ளியையும் கண்டு, முதல் தரம், இரண்டாம் தரம் என்று வாயால் சொல்லாமல் வலது பக்கமும் இடது பக்கமுமாக வீசிக்கொண்டே போவார். விலை அந்த வீச்சில் ஏறி இறங்கும். பகல் முழுவதும் இது நடந்து முடிந்த பின், கணக்குத் திருப்தியாக இருந்தால், தகப்பனார் பையனை டிராமில் ஏற்றிக் கடற்கரைப் பக்கம் அழைத்துப் போவார். சென்னையில் 1895 முதல் 1953 வரை மின்சார டிராம் ஓடிற்று. அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கடல் என்றால் டிராமின் மணியோசையும் சேர்ந்தே ஞாபகம் வரும். கணக்குத் திருப்தியாக இல்லாவிட்டால் கடல் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போகும்.

இரவு தங்குவதற்குச் சென்ட்ரலுக்கு அருகே சித்தீக் சராய் இருந்தது. மேல்விஷாரத்தில் பிறந்து தோல் வியாபாரத்தில் பெரும்பொருள் ஈட்டிய சி. அப்துல் ஹக்கீம் சாகிப் கட்டுவித்த தர்மச் சத்திரம் அது. தோலில் வந்த பணம் பள்ளிக்கூடங்களாகவும் கல்லூரிகளாகவும் ஆனதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரியே 1919-ல் தொடங்கியது. வெளியூர்ப் பிரயாணிகளுக்கு ஒரு கூரை கிடைத்ததையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்வது நியாயம். மண்டிக்குப் போனவன் வியாபாரியின் மகன். முழங்கால் வரை சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்ற தொழிலாளியின் மகனுக்கு அந்த டிராம் சவாரி கிடையாது. அந்தத் தொழிலாளிகளில் பெரும்பாலோர் சேரிகளில் வாழ்ந்த, சாதியின் காரணமாகவே இந்த வேலைக்கு உரியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்கள். அவர்கள் கையால் பதனிட்ட தோல் கடல் கடந்து போன காலத்தில் அவர்களுடைய பிள்ளைகள் கடலைப் பார்த்ததில்லை.

ஆனால் கடல் அவர்களிடம் வேறு உருவத்தில் வந்திருந்தது. உரித்த தோல் அழுகாமலிருக்க அதன்மேல் கல்லுப்பை வாரி இறைப்பார்கள். கோவளம், மரக்காணம் போன்ற கரையோர அளங்களில் விளையும் உப்பு அது. பச்சைத் தோலை உதறும்போது தரையெல்லாம் உப்பு சிதறும். கையிலுள்ள சிறு காயமெல்லாம் எரியும். பிற்பாடு பள்ளிக்கூடத்தோடு கடற்கரைக்குப் போய், அலையில் கையை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிய பிள்ளைகளில் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் அந்தக் கரிப்பு புதிதாக இருந்திராது. தோலை அலசிய அந்த உப்பு நீர்தான், குரோமியம் முதலிய ரசாயனங்களோடு சேர்ந்து, பாலாற்று மணலிலும் கிணறுகளிலும் இறங்கிற்று. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசு செய்தவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டத்தில் ஊன்றியது. ஆற்றின் நீர் கடலுக்குப் போய்ச் சேராத வருஷங்களிலும், கடலின் உப்பு மட்டும் ஆற்றுக்கு வந்துகொண்டே இருந்தது.

பிள்ளைகள் போய் விளையாடிய மணலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த மணல் பழமையானது அன்று. ஒரு காலத்தில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் சுவரடி வரையில் அலை வந்து மோதிற்று. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகள் அலையைத் தாண்டிச் சரக்கை ஏற்றி இறக்கின. தோல் உள்ளிட்ட ஏற்றுமதிச் சரக்குகள் பெருகியபோது இது கட்டுப்படியாகாமல், 1875-ல் அடிக்கல் நாட்டிச் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள், 1881-ன் புயல் அதைச் சிதைத்தது, மறுபடியும் கட்டினார்கள். இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி மணல் நகர்வது இயற்கை. துறைமுகத்தின் கற்சுவர் குறுக்கே எழுந்ததும் மணல் தெற்கே தேங்கி விரிந்து பரந்தது. அந்தக் கரையோரத்தில் கவர்னர் கிராண்ட் டஃப் 1880-களில் உலாவும் சாலை அமைத்து மெரினா என்று பெயர் வைத்தார். வடக்கேயோ மணல் வரத்து நின்று, இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் தின்னத் தொடங்கியது. முதல் ரயிலில் போன எங்கள் முன்னோர் கண்டிருக்கக்கூடிய இராயபுரத்துக் கடற்கரை அப்படிக் கரைந்து, இன்று பாறாங்கல் கொட்டி வைத்த கரையாகிவிட்டது. அவர்கள் ஊர்ச் சரக்குக்காகவும் கட்டிய துறைமுகம் ஒரு கடற்கரையை அழித்து இன்னொரு கடற்கரையை உண்டாக்கிற்று. பேரப் பிள்ளைகள் பின்னதில் போய்க் குதித்தார்கள்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகக் கடல் கிட்டியது பள்ளிக்கூட உல்லாசப் பிரயாணம் வந்த பிறகுதான். விடியுமுன் எழுந்து, இலையில் கட்டிய புளியஞ்சாதத்தோடு ரயிலடிக்கு ஓடி, சென்ட்ரலில் இறங்கியதும், அங்கேயே பக்கத்தில் மூர் மார்க்கெட்டும் ‘உயிர்க் காலேஜ்’ என்று நாட்டுப்புறத்தார் வழங்கிய மிருகக் காட்சிச்சாலையும். அப்பால் எழும்பூரில் ‘செத்த காலேஜ்’ என்ற அருங்காட்சியகம். மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்துபோக, மிருகங்களும் அந்தக் காலத்தை ஒட்டியே வண்டலூர் போய்விட்டன. இவற்றை முடித்துக்கொண்டு கடற்கரை வருவதற்குள் உச்சிவெயில் வந்துவிடும். ஜோலார்பேட்டைக்குத் திரும்பும் ஏலகிரி எக்ஸ்பிரஸ் சென்ட்ரலை விட்டு மாலை 6 மணி வாக்கில் புறப்படுவதால் வெயில் தணியும்வரை காத்திருக்கவும் வழியில்லை. ரோட்டிலிருந்து அலை வரையில், அந்த அகலமான மணலில், செருப்பில்லாத பிள்ளைகள் ஒரு காலை ஊன்றி மறுகாலைத் தூக்கி ஓடினார்கள். நாடறிந்த செருப்பூரிலிருந்து வந்த பிள்ளைகள் என்பதை அங்கே யாரும் கவனிக்கவில்லை. பட்டாணி சுண்டல்காரர் கூவிக்கொண்டு வரும் வேளையில் அவர்கள் அரக்கோணத்தைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள்.

ஊர் திரும்பிய வாரத்தில் வாத்தியார் ‘கடற்கரைக் காட்சி’ என்று கட்டுரை எழுதச் சொல்வார். கரும்பலகையில் அவர் எழுதிப்போட்ட குறிப்பில் மாலைச் சூரியன் மறைவதும் மந்தமாருதம் வீசுவதும் தவறாமல் இருக்கும். கிழக்குக் கரையில் சூரியன் கடலில் மறையாது என்று எடுத்துச் சொல்ல எவனுக்கும் துணிவில்லை. உள்ளங்காலில் கொப்புளம் ஆறுமுன்னே அவர்கள் அதை அப்படியே பார்த்து எழுதி, பத்துக்கு ஏழும் எட்டும் வாங்கினார்கள்.