ஊக்கத்தொகை என்னும் பெயர்

'இன்சென்டிவ்' என்னும் ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் உள்ளது. பாடத் தொடங்குவதை, முதலடி எடுத்துக் கொடுப்பதைக் குறித்த வினைச்சொல் அது. கூடுதல் உழைப்பைப் பெறுவதற்குத் தரும் பணம் என்ற பொருள் இரண்டாம் உலகப்போர்க்கால அமெரிக்காவில்தான் அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டது. தமிழில் அது 'ஊக்கத்தொகை' ஆயிற்று. திருக்குறள் 'ஊக்கமுடைமை' என்றே ஓர் அதிகாரம் வகுத்தது. அங்கே ஊக்கம் ஒருவர்தம் உடைமை. அலுவலகத் தமிழிலோ அது பிறர் அளந்து தரும் தொகை.

கூலிக்கு வேறு பெயர் சூட்டும்போது என்ன நேர்கிறது என்பதை பம்பாய்ப் பஞ்சாலைகளின் வரலாறு காட்டுகிறது. முதல் உலகப்போருக்குப் பின் ஆலைகள் கொழுத்த இலாபம் ஈட்டின. அந்த ஆண்டுகளில் தொழிலாளர்க்கு ஆண்டுதோறும் ஒரு மாதச் சம்பளம் 'போனஸ்' எனக் கிடைத்தது. 1923இல் முதலாளிகள் அதை நிறுத்தினர். 1924 தொடக்கத்தில் ஒன்றரை லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். தொழிலாளர் பார்வையில் அது ஆண்டுக் கூலியின் ஒரு பகுதி. முதலாளிகள் பார்வையில் மனமுவந்து தந்த பரிசு. இவ்வழக்கை ஆராய, பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி நார்மன் மக்ளியாட் தலைமையில் குழு அமைந்தது. சட்டப்படியோ வழக்கத்தின்படியோ நியாயத்தின்படியோ தொழிலாளர்க்கு அத்தொகையில் உரிமை இல்லை என்று அது முடிவு செய்தது. பசியோடு இரு மாதங்கள் தாக்குப்பிடித்தவர்கள் வெறுங்கையுடன் ஆலைக்குத் திரும்பினர். அந்தப் 'பரிசு' சட்ட உரிமையாவதற்கு 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் வரவேண்டியிருந்தது. முதலில் 4 விழுக்காடாக இருந்த குறைந்தபட்ச அளவு பின்னர் 8.33 ஆயிற்று. 8.33 என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு. அதாவது, ஒரு மாதச் சம்பளம். 1923இல் பறிபோன அதே அளவு!

2005இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் தொடங்கியபோது இந்தச் சிக்கல் புதுப்பெயருடன் வந்தது. ஊரில் மருந்தும் தடுப்பூசிச் செய்தியும் கொண்டுசேர்க்கும் 'ஆஷா' பெண்கள் தன்னார்வலர் எனப்பட்டனர். தன்னார்வலருக்குச் சம்பளம் கிடையாது. ஆகவே பணிக்கேற்ற ஊக்கத்தொகை. மருத்துவமனைப் பிரசவம் குறைந்த மாநிலங்களின் சிற்றூர்களில் ஒரு பிரசவத்திற்கு 600 ரூபாய்: கர்ப்பகாலக் கவனிப்புக்கு 300, பிரசவம் மருத்துவமனையில் நடந்தால் 300. மாதக்கணக்கில் உடனிருந்து பார்த்த பெண் வீட்டிலேயே பிள்ளை பெற்றுவிட்டால் பின்னைய 300 இல்லை.

இதைவிட விந்தையானது, 'வழக்கமான, தொடர் பணிகளுக்கான ஊக்கத்தொகை' என்னும் இனம். 2018இல் இது மாதம் 1,000 ரூபாயிலிருந்து 2,000 ஆக்கப்பட்டது. வழக்கத்திற்கு மேற்பட்டதைச் செய்யத் தூண்டுவதல்லவா ஊக்கத்தொகை? மாதந்தோறும் வழக்கமான வேலைக்குத் தருவதற்குத் தமிழில் பழகிய பெயர் சம்பளம்தான். அப்பெயரைச் சொன்னால் குறைந்தபட்சக் கூலி, ஓய்வூதியம், பணிக்கொடை எல்லாம் பின்தொடர்ந்து வந்து நிற்கும். திட்டப் பணியாளர்களைத் தொழிலாளராக ஏற்கவேண்டும் என 2013இலேயே 45ஆம் இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே இருக்கிறது.

நீதிமன்றத்தில் ஒரு கதவு திறந்தது. அங்கன்வாடிப் பணியாளர் பெறும் 'மதிப்பூதியம்' பணிக்கொடைச் சட்டத்தின்படி ஊதியமே என்று 2022 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆஷாக்கள் அவ்வழக்கில் இல்லை. 2025 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன் அமர்ந்த கேரள ஆஷாக்கள் இரு பெயர்களில் பணம் பெற்றுவந்தனர்: மாநிலம் தரும் மதிப்பூதியம், திட்டப் பணிகளுக்கான ஊக்கத்தொகை. அவர்கள் உயர்த்தக் கேட்டது முதலாவதை, 7,000 ரூபாயிலிருந்து 21,000 ஆக. கூடவே, ஓய்வு பெறும்போது ஒரு தொகையும்.