கடற்கரையில் ஆடிய கடைசி ஒத்திகை

வரலாற்று ஆசிரியனாக இருந்தவரை சான்று என்றால் கல்வெட்டு, செப்பேடு, ஓலை என்றுதான் வகுப்பில் அடுக்குவேன். நடனத்துக்குச் சான்று, பெரும்பாலும் ஆடியவரின் உடம்புதான்.

1913இல் பாரிஸில் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தத்தின் சடங்கு' இசைக்கு நிஜின்ஸ்கி அமைத்த நடனம் அரங்கில் பெருங்கூச்சலைக் கிளப்பியது. சில முறைதான் மேடையேறியது. இசை எழுத்தில் இருந்ததால் பிழைத்தது. நடனத்தையோ, 1987இல் குறிப்புகளையும் ஓவியங்களையும் வைத்துத்தான் மீட்க முடிந்தது.

அதே இசைக்கு 1975இல் ஜெர்மனியின் வுப்பர்டாலில் பீனா பவுஷ் புதிதாக நடனம் அமைத்தார். மேடை முழுக்க மண். ஒரு சிவப்பு ஆடை பெண்களிடையே கைமாறும். கடைசியில் அதை அணிபவள் ஆடி ஆடியே சாக வேண்டும்.

பவுஷ் 2009இல் காலமானார். அவரிடம் ஆடியவர்கள் 2020இல் செனகலுக்குப் போய், ஜெர்மேன் அகோனி நிறுவிய பள்ளியில், 14 ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்த 38 பேருக்கு இதைக் கற்றுக்கொடுத்தார்கள். டாக்கரில் அரங்கேற்றம் நெருங்கிய மார்ச்சில் கொரோனா வந்தது. நிகழ்ச்சி ரத்து. எல்லோரும் ஊர் திரும்ப வேண்டும். மறுபடி எப்போது சேர்வார்கள் என்று யாருக்கும் தெரியாது.

பிரிவதற்கு முன், தூபாப் தியாலாவ் கடற்கரையில் திறந்த வெளியில் முழு நடனத்தையும் ஆடினார்கள். அது படமாகவும் வந்திருக்கிறது. அரங்கில் மண்ணைக் கொட்டிப் பரப்புவார்கள். இங்கே கரை முழுக்க மணல். அந்தி சாயச் சாய ஆட்டம் நடக்கிறது.

2021இல் அவர்களுக்கு மேடை கிடைத்தது. ஆனால் ஒரு கலை அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்தது எப்போது என்று கேட்டால், நான் அந்த மாலையைத்தான் சொல்வேன்.