மெலிவுச் சுரத்தின் ஊழியம்



பழந்தமிழ் இசை, குரலின் வீச்சை மூன்றாக வகுத்தது: மெலிவு, சமன், வலிவு. தாழ்ந்து ஒலிப்பது மெலிவு. இயல்பாக ஒலிப்பது சமன். உயர்ந்து ஒலிப்பது வலிவு. மெலிவு என்னும் சொல்லுக்கு நலிவு என்ற பொருளும் வழக்கில் உண்டு. ஆனால் இசையில் மெலிவு ஒரு குறையன்று. மற்றச் சுரங்கள் காலூன்றி நிற்பதற்கான தரை அது.

அம்பத்தூர் முதல் ஆவடி, பூந்தமல்லி வரையுள்ள நம் பகுதியின் ஆலயங்களில் இன்று பாடகர் குழுவோடு இசைக்குழுவும் இருக்கிறது. கீபோர்டுக்கும் டிரம்ஸுக்கும் இளைஞர்கள் போட்டியிடுகிறார்கள். பேஸ் கிட்டாருக்கோ பல இடங்களில் ஆள் இல்லை. அதே ஆலயத்தின் பின்வரிசையில், பணி ஓய்வு பெற்றுத் தம் காலம் முடிந்துவிட்டதாக எண்ணி அமர்ந்திருக்கும் சகோதரர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டு வெற்றிடங்களையும் சேர்த்து நோக்கும்படி, தாழ்ந்த சுரத்தின் வரலாற்றை இவ்வாரம் உங்கள் முன் வைக்கிறேன்.

வேதாகமத்திலேயே தொடங்குவோம். உடன்படிக்கைப் பெட்டி எருசலேமுக்குக் கொண்டுவரப்பட்டபோது தாவீது இசைக்காரரை வகுத்த விதத்தை முதலாம் நாளாகமம் 15ஆம் அதிகாரம் சொல்கிறது. கைத்தாளம் கொட்டியவர்கள் ஒரு பிரிவு. அலமோத் என்னும் முறையில் தம்புரு வாசித்தவர்கள் மற்றொரு பிரிவு. செமினீத் என்னும் முறையில் சுரமண்டலம் வாசித்த ஆறு பேர் இன்னொரு பிரிவு. செமினீத் என்பது எட்டு என்ற எண்ணோடு தொடர்புடைய எபிரெயச் சொல். 6ஆம், 12ஆம் சங்கீதங்களின் தலைப்பிலும் அது வருகிறது. எட்டுச் சுரம் கீழே இறங்கிய ஒலியையே அது குறிக்கிறது என்று வேத அறிஞர் பலர் கருதுகிறார்கள். அப்படியானால், தாழ்ந்த ஒலிக்கென்றே பெயர் சொல்லி ஆறு பேரை ஏற்படுத்திய ஓர் ஆராதனை அது. அந்த ஆறு பேரின் பெயர்களும் மறக்கப்படாமல் எழுதப்பட்டிருக்கின்றன.

நம் சபைகளுக்கு இந்தத் தாழ்ந்த சுரம் கருவியாக வருவதற்கு முன்பே குரலாக வந்துவிட்டது. மிஷனரிமார் கொண்டுவந்த பாமாலைகள் சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்னும் நான்கு குரல்களுக்கு அமைந்தவை. அவற்றைக் கற்பிக்க உதவியது டானிக் சோல்பா முறை. இங்கிலாந்தில் சாரா குளோவர் என்னும் ஆசிரியை வகுத்ததைப் போதகர் ஜான் கர்வன் 19ஆம் நூற்றாண்டில் செம்மைப்படுத்திப் பரப்பினார். ஐந்து கோடுகளை வாசிக்க அறியாதவரும் எழுத்துகளைக் கொண்டே நான்கு குரலில் பாடலாம் என்பது அதன் சிறப்பு. திருநெல்வேலியிலும் நாகர்கோவிலிலும் எத்தனையோ கிராமச் சபைகளில் உழவரும் ஆசிரியரும் இவ்விதமாகவே பேஸ் பாடக் கற்றனர்.

அவர்களுடைய பிள்ளைகளை நம் பகுதிக்கு அழைத்து வந்தவை இருப்புப்பாதையும் தொழிற்சாலைகளும். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத்தொடங்கிய தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை இவ்வழியாகத்தான் சென்றது. 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவப்பட்டது. 1955இல் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 1965இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் அந்தப் பத்தாண்டில் எழுந்ததே. ஃபிட்டராகவும் டர்னராகவும் எழுத்தராகவும் தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் பெட்டியோடு பாமாலைப் புத்தகத்தையும் கொண்டுவந்தார்கள். வாரம் முழுவதும் இயந்திரங்களின் இரைச்சலில் நின்றவர்கள் ஞாயிறன்று பாடகர் குழுவின் பின்வரிசையில் நின்று பேஸ் பாடினார்கள்.

இனிக் கருவிக்கு வருவோம். மேலை இசையில் தாழ்ந்த சுரத்தை நெடுங்காலம் சுமந்தது டபுள் பேஸ். ஆள் உயரத்தையும் மிஞ்சும் பெரிய கருவி. சுமந்து செல்வது கடினம். கூட்டத்தில் ஒலி அமுங்கிவிடும். 1930களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பவர், கிட்டாரைப்போல் மடியில் ஏந்தி வாசிக்கும் மின்சாரப் பேஸ் ஒன்றைச் செய்தார். அது பரவவில்லை. 1951இல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் செய்து விற்ற பிரசிஷன் பேஸ்தான் உலகெங்கும் பரவியது. பிரசிஷன் என்றால் துல்லியம். கழுத்தில் பதித்த உலோகப் பட்டைகள் விரலைச் சரியான சுரத்தில் நிறுத்தும் என்பதால் அந்தப் பெயர். இதைச் செய்த ஃபெண்டர், கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர்.

இக்கருவியை ஏந்திப் புகழ்பெற்றவர்களின் கதை சிந்திக்கத்தக்கது. பீட்டில்ஸ் குழுவில் பேஸ் வாசித்த ஸ்டூவர்ட் சட்கிளிஃப் 1961இல் விலகியபோது அந்த இடத்துக்கு வர மற்றவர்கள் விரும்பவில்லை. அதுவரை கிட்டாரும் பியானோவும் வாசித்துவந்த பால் மக்கார்ட்னி ஏற்றுக்கொண்டார். 1942இல் பிறந்த அவர் 80 வயதைக் கடந்தும் மேடையில் பேஸ் வாசித்தார். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் கிட்டார் வாசித்துவந்த கரோல் கே, 1963இல் ஒரு பதிவுக்குப் பேஸ் கலைஞர் வராமற்போனதால் அதைக் கையில் எடுத்தார். அதுவே அவருடைய வாழ்நாள் பணியாயிற்று. டெட்ராய்ட் நகரின் ஜேம்ஸ் ஜேமர்சன் 1960களில் எண்ணற்ற புகழ்பெற்ற பாடல்களுக்கு வாசித்தும், ஓர் இசைத்தட்டு உறையில் அவர் பெயர் அச்சானது 1971இல்தான். வெறுமையாக நின்ற இடத்தை நிரப்ப வந்தவர்களும், பெயர் தெரியாமல் உழைத்தவர்களுமே இக்கருவியை வளர்த்தார்கள்.

சென்னைக்கு மேலை இசை புதிதன்று. அண்ணா சாலையிலுள்ள மியூசி மியூசிக்கல் 1842இல் தொடங்கிய இசைக்கருவிக் கடை. மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893 முதல், வேறு தொழில் செய்துகொண்டே ஆர்வத்தினால் பாடுகிறவர்களின் சேர்ந்திசைக் குழுவாக விளங்குகிறது. ஆயினும் பேஸ் கிட்டாரின் ஒலியைத் தமிழ்நாட்டின் தேநீர்க்கடை வரைக்கும் கொண்டுசென்றது திரையிசையே. பண்ணைப்புரத்திலிருந்து வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை கற்று, 1976இல் அன்னக்கிளி வழியாக அறிமுகமான இளையராஜா, பேஸ் கிட்டாருக்கெனத் தனியே ஒரு பண்ணோட்டத்தை எழுதினார். சசிதரன் அவற்றை வாசித்தார். பின்வந்த தலைமுறையில் ஏ. ஆர். ரஹ்மானுக்காக வாசித்த சென்னைக் கலைஞர் கீத் பீட்டர்ஸும் அவ்வரிசையில் வருகிறார். ஊர்தோறும் இயங்கிய மெல்லிசைக் குழுக்களில், அலுவலகம் முடிந்து வந்து பேஸ் வாசித்தவர்கள் பலர். பிறகு தானியங்கித் தாளமும் பேஸும் தரும் கீபோர்டுகள் வந்தன. இடக்கையால் ஒரு விசையை அழுத்தினால் பேஸ் தானே ஒலித்தது. ஆலயங்களிலும் அது போதுமென்று ஆயிற்று. ஆள் குறைந்தது இவ்வாறுதான்.

போதுமா என்பதே கேள்வி. பேஸ் செய்யும் வேலையை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். கீபோர்டு கலைஞர் சி, ஈ, ஜி என்னும் மூன்று சுரங்களைச் சேர்த்து ஒலிக்கிறார். அது மலர்ச்சியான சி மேஜர். அவர் விரலை அசைக்காதிருக்கும்போதே பேஸ் வாசிப்பவர் கீழே ஏ என்னும் சுரத்தை மீட்டட்டும். அதே மூன்று சுரங்கள் இப்போது ஏ மைனரின் துயரச் சாயலைப் பெற்றுவிடும். மேலே நிற்பவற்றின் பொருளைக் கீழே நிற்பது முடிவு செய்கிறது. இயந்திரம் முன்பே எழுதப்பட்டதைத்தான் ஒலிக்கும். சபையார் ஒரு சரணத்தில் நெகிழ்ந்து தயங்கிப் பாடும்போது, அவர்களோடு தயங்கி நின்று, பின் அவர்களைக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல ஒரு மனிதர் வேண்டும்.

இதற்கு முதுமை தடையாகுமோ? சில உண்மைகளைச் சீர்தூக்கிப் பாருங்கள். வயது ஏறும்போது செவி முதலில் இழப்பது உச்ச ஒலிகளை. தாழ்ந்த ஒலிகள் பெரும்பாலும் நெடுநாள் தங்குகின்றன. பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி வினாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. அதைச் செவி மட்டுமல்ல, நெஞ்சும் பாதமும் உணரும். வழக்கமான பேஸில் தந்தியின் நீளம் 34 அங்குலம். விரல்களை அகல விரிக்க இயலாதவர்களுக்கு 30 அங்குலக் கருவிகளும் உண்டு. நான்கு கிலோ எடையைத் தோளில் தாங்க முடியாதவர் உட்கார்ந்து வாசிக்கலாம். தந்திகள் தடித்தவை ஆகையால் தொடக்கத்தில் விரல் நோகும். மூட்டுவலி உடையவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நலம்.

பாமாலையில் பேஸ் பாடி வளர்ந்தவர்களுக்கு மேலும் ஒரு நன்மை உண்டு. பேஸ் கிட்டாரின் நான்கு தந்திகளும் ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில் சுருதி சேர்க்கப்பட்டவை. ஆகவே ஒரு சுருதியில் கற்ற விரலமைப்பை அப்படியே நகர்த்தினால் அடுத்த சுருதி கிடைத்துவிடும். டோ எங்கே நின்றாலும் மற்றச் சுரங்கள் அதே உறவில் அமையும் என்பதுதானே சோல்பாவின் அடிப்படை? நாற்பது ஆண்டுகள் தொண்டையில் இருந்த பாடத்தை விரலுக்கு மாற்றுவதே இங்கே செய்ய வேண்டியது. தொண்டை தளர்ந்தபின்னும் அந்தப் பாடம் தொடரும்.

லேவியரைக் குறித்த ஒழுங்கை எண்ணாகமம் 8ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். 25 வயதில் பணிக்கு வரும் லேவியன் 50 வயதில் அந்த வேலையை விட்டு ஓய வேண்டும். ஆனால் தன் சகோதரரோடு காவல் காத்து உதவி செய்ய வேண்டும். ஓய்வும் உண்டு, இடமும் உண்டு. பின்னாளில் தாவீது, ஆசரிப்புக் கூடாரத்தைச் சுமக்கும் வேலை இனி இல்லை என்று சொல்லி, லேவியரின் பணியைத் துதிக்கும் பணியாகவும் விரிவாக்கினார். சுமை இறங்கிய தோளுக்குச் சுரமண்டலம் கொடுக்கப்பட்டது. இசையில் தேர்ந்த 288 பேருக்கு முறை குறிக்கச் சீட்டுப் போட்டபோது சிறியவன் பெரியவன், ஆசிரியன் மாணாக்கன் என்ற வேறுபாடு பார்க்கப்படவில்லை என்று முதலாம் நாளாகமம் 25ஆம் அதிகாரம் சாட்சி கூறுகிறது.

இளைஞரே, இசைக்குழு உங்களுக்கு மட்டும் உரியதென்று எண்ணாதீர்கள். தாத்தாவின் வயதில் ஒருவர் கற்க வந்து தடுமாறினால், கைப்பேசியில் பாடலின் வேகத்தைக் குறைத்துக் கொடுத்து, அவரோடு அரைமணி நேரம் இருங்கள். அவர் கற்றுத்தரும் பழைய பாமாலையின் பேஸ் வரியையும் கேட்டுக்கொள்ளுங்கள். எழுதிவைக்கப்படாத எத்தனையோ பாடங்கள் அவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன.

பெரியவர்களே, இந்த வயதில் மேடை ஏறினால் பிறர் நகைப்பார்களோ என்று கூசாதீர்கள். கூட்டத்தின் கண்கள் பேஸ் வாசிப்பவர்மேல் பெரும்பாலும் இருப்பதில்லை. சபையார் உங்களைப் பாராமலே உங்கள்மேல் நின்று பாடுவார்கள். முதலில் மூன்று சுரங்கள் போதும். அவற்றைக்கொண்டே பல கீர்த்தனைகளைத் தாங்க முடியும். சனிக்கிழமை மாலை ஒத்திகைக்கு ஒருமுறை வந்து அமருங்கள்.

செமினீத் வாசித்த ஆறு பேரின் பெயரை மறவாத தேவன், நம் சபைகளின் தாழ்ந்த சுரத்தையும் மறவாமல் நினைத்தருள்வாராக. ஆமென்.