பெரியப்பா தோற்ற வழக்கு

எங்கள் வீட்டில் அடிக்கடி சொல்லப்படும் கதை ஒன்று. பெரியப்பாவை வேலையை விட்டு எடுத்தார்கள், அவர் கோர்ட்டுக்குப் போனார், தோற்றுவிட்டார். பெரியப்பாவே அப்படித்தான் சொல்வார். போன பொங்கலுக்குப் பழைய டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது அந்தக் காகிதக் கட்டு என் கையில் கிடைத்தது. படித்துப் பார்த்தால் கோர்ட் உத்தரவு என்று அதில் எதுவுமே இல்லை.

இருந்தது அரைப் பக்கத் தட்டச்சுக் கடிதம், அரசாங்கத்திடமிருந்து வந்தது. உங்கள் பணிநீக்கத் தகராறைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு அனுப்பப் போதிய காரணம் இருப்பதாக அரசு கருதவில்லை என்பது அதன் சாரம். வருஷம் 1986. அதாவது பெரியப்பா தோற்கவில்லை. அவர் கோர்ட் வாசலையே மிதிக்கவில்லை!

இது எப்படி நடக்க முடியும் என்று தேடப் போய்ச் சேர்த்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

முதலில் அவர் கதை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனி. பெரிய தொழிற்சாலைகளுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுப்பார்கள். பெரியப்பா அங்கே லேத் ஆபரேட்டர், பதினோரு வருஷ சர்வீஸ். 1985-ல் ஒரு திங்கட்கிழமை காலை ஷிப்டுக்குப் போனால் வாட்ச்மேன், "உங்கள உள்ள விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க அண்ணே" என்று கேட்டிலேயே நிறுத்திவிட்டார். மெமோ கிடையாது, விசாரணை கிடையாது, நோட்டீஸ் கிடையாது. யூனியனும் கிடையாது.

அந்தக் கடைசி விஷயம் முக்கியம். 1947-ல் வந்த தொழில் தகராறுகள் சட்டம் தொழிலாளியைக் கூட்டமாகத்தான் பார்த்தது. அப்போதைய அனுபவம் அப்படி. பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளர்கள் 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியதிலிருந்து சண்டை என்றாலே சங்கத்துக்கும் முதலாளிக்கும் நடப்பது. தனி ஆள் ஒருவனை மட்டும் வீட்டுக்கு அனுப்பினால் அது சட்டப்படி 'தொழில் தகராறு' ஆகுமா?

ஆகாது என்பதுதான் பதில், சக தொழிலாளிகளோ அவர்களுடைய சங்கமோ அதைக் கையில் எடுத்தால் ஒழிய. இதற்குச் சட்டப் புத்தகங்கள் காட்டும் வழக்குகளில் ஒன்று நம்ம ஊர் பத்திரிகை சம்பந்தப்பட்டது. 'தி இந்து'வின் பம்பாய் அலுவலகத்தில் ஒரு பத்திரிகையாளரின் வேலை முடிக்கப்பட்டது. பம்பாய் பத்திரிகையாளர் சங்கம் அவருக்காக வழக்காடியது. 1961-ல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னதென்றால், வெளியிலிருந்து ஒரு சங்கம் ஆதரித்தால் போதாது. அதே முதலாளியிடம் வேலை பார்ப்பவர்கள் கணிசமான பேர் ஆதரிக்க வேண்டும். அவர்கள் ஆதரிக்காததால் அது தொழில் தகராறே அல்ல. யோசித்துப் பாருங்கள், பக்கத்து மேஜைக்காரன் தன் வேலைக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை என்றால் உங்கள் கதை அங்கேயே முடிந்தது.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் 1965-ல் 2ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஒருவரை டிஸ்மிஸ் செய்தாலோ, ஆட்குறைப்பு செய்தாலோ, வேறு எந்த விதத்தில் வேலையை முடித்தாலோ, சங்கம் ஆதரிக்காவிட்டாலும் அது தொழில் தகராறுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷெட் ஷெட்டாகச் சின்னக் கம்பெனிகள் முளைத்ததும் அந்த அறுபதுகளில்தான். பத்துப் பதினைந்து பேர் வேலை பார்க்கும் இடத்தில் யூனியன் எங்கே வரும்? இந்தப் பிரிவு அவர்களுக்கென்றே எழுதினது மாதிரி இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. பூந்தமல்லியில் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிறவருக்கு இந்த உரிமை அதற்கு முன்பே இருந்தது. 1947-ம் ஆண்டு சென்னைக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-வது பிரிவைப் பாருங்கள். ஆறு மாசம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமில்லாமல் அனுப்பக் கூடாது. ஒரு மாச நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளம் தர வேண்டும். ஒழுங்கீனம் என்று சொன்னால் விசாரித்து நிரூபிக்க வேண்டும். அந்த ஆளே தனியாக மேல்முறையீடு செய்யலாம். ஃபேக்டரிக்காரருக்குப் பதினெட்டு வருஷம் கழித்து வந்தது கடைக்காரருக்கு முதலிலேயே கிடைத்துவிட்டது. ஆனால் இன்றைக்கும் எத்தனை கடை ஊழியர்களுக்கு இது தெரியும்?

சரி, 1965-லேயே 2ஏ வந்துவிட்டதே, 1985-ல் பெரியப்பாவுக்கு என்ன தடை? கதவு ஒன்றல்ல, இரண்டு. தகராறு என்று சட்டம் ஒத்துக்கொண்டாலும் தொழிலாளி நேராகக் கோர்ட்டுக்குப் போக முடியாது. சமரச அதிகாரியிடம் மனு கொடுக்க வேண்டும். பேச்சு முறிந்தால் அவர் முறிவு அறிக்கையை அரசுக்கு அனுப்புவார். அரசு பார்த்து, 10-வது பிரிவின் கீழ் அதை நீதிமன்றத்துக்கு அனுப்பலாம், அனுப்பாமலும் விடலாம். கம்பெனி சொன்னதை வைத்து ஒரு செக்‌ஷன் அதிகாரி குறிப்பெழுதினால் முடிந்தது. தகராறில் யார் பக்கம் நியாயம் என்று அரசே தீர்ப்புச் சொல்லிவிட்டு அனுப்ப மறுக்கக் கூடாது என்று ஹரியானா அரசுக்கு எதிரான ராம் அவதார் சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. அந்தத் தீர்ப்பும் 1985-தான். அதைக் காட்டி உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டிருக்கலாம். யார் சொல்வது அவருக்கு?

அந்த இரண்டாவது கதவைத் தமிழ்நாடு 1988-ல் திறந்தது. மாநிலத் திருத்தம் ஒன்றின் மூலம், சமரசம் முறிந்தால் பணிநீக்கம் செய்யப்பட்டவர் அரசின் அனுமதிக்குக் காத்திருக்காமல் நேராகத் தொழிலாளர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம் என்றாக்கினார்கள். நாடு முழுக்க இது வர 2010 ஆனது. நம்ம மாநிலம் 22 வருஷம் முந்திக்கொண்டது. பெரியப்பாவுக்கு இரண்டு வருஷம் பிந்திவிட்டது.

கோர்ட்டுக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் கையில் வலுவான சட்டம் இருந்தது. 1953-ல் சேர்த்த 25எஃப் பிரிவுப்படி, ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவரை (கடைசி 12 மாசத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அது ஒரு வருஷக் கணக்கு) ஆட்குறைப்பு செய்ய ஒரு மாச நோட்டீஸ் அல்லது சம்பளம், வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் இழப்பீடு. கொடுக்காமல் அனுப்பினால் அந்த நீக்கமே செல்லாது.

'ஆட்குறைப்பு' என்றால் ஆள் மிகுதியாகி அனுப்புவது மட்டும்தானா? இந்தக் கேள்விக்குப் பதில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் வந்தது. பாரத ஸ்டேட் வங்கி ஒருவரை விட்டு விட்டு தற்காலிகக் காசாளராக வைத்திருந்தது. கடைசி உத்தரவு ஒன்பதே நாளுக்கு. ஒன்பது நாள் முடிந்தால் வேலை தானாக முடியும் என்று அதிலேயே எழுதியிருந்தது. உயர் நீதிமன்றத்தில் அவர் ஜெயித்தார், வங்கி மேலே போனது. 1976-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, எந்தக் காரணத்தால் வேலை முடிந்தாலும் அது ஆட்குறைப்புதான், தானாக முடிந்தது என்பது சாக்கு என்று சொன்னது. வக்கீல்கள் இதை சுந்தரமணி வழக்கு என்பார்கள். 1984-ல் நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்து, ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்காமல் விடுவது ஆட்குறைப்பு ஆகாது என்று இந்தப் பாதுகாப்பைப் பாதியாக வெட்டியது. இன்றைய கான்ட்ராக்ட் வேலைகள் இந்த வெட்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன.

எஸ்டேட்டில் இப்போது லேத் ஷெட்டுகளுக்கு நடுவே கண்ணாடிக் கட்டிடங்கள். அங்கே வேலை பார்க்கும் தம்பி ஒருவர், "எங்களுக்கு லேபர் லா கிடையாதுண்ணா, ஐ.டி.ல" என்றார். தப்பு. ஐ.டி. ஊழியர்களுக்கும் தொழில் தகராறுகள் சட்டம் பொருந்தும் என்று தமிழ்நாடு அரசே 2016-ல் தெளிவுபடுத்தியது. சம்பளம் எவ்வளவு என்பதைவிட, என்ன வேலை செய்கிறார், மேனேஜரா இல்லையா என்பதே கேள்வி. 2025 நவம்பர் 21-லிருந்து பழைய சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் இருக்கிறது. 15 நாள் இழப்பீடு அதிலும் உண்டு. ஆனால் முன்பு நீதிமன்றத்துக்குப் போக மூன்று வருஷ அவகாசம், இப்போது தகராறு எழுந்து இரண்டு வருஷத்துக்குமேல் சமரசமே நடத்த முடியாது. அதனால் "ரிசைன் பண்ணிடு, எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் தர்றேன்" என்று ஹெச்.ஆர். நீட்டுகிற காகிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டால், விரும்பிப் போகவில்லை என்று நிரூபிக்கிற பாரம் உங்கள் தலையில்.

பெரியப்பாவுக்கு இப்போது எண்பது வயசு. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். "நீங்க தோக்கல பெரியப்பா, உங்கள கோர்ட்டுக்கே அனுப்பல" என்றேன். கொஞ்ச நேரம் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வருஷத்துக்குப் பதினஞ்சு நாளா?"

"ஆமா."

"பதினோரு வருஷம்... நூத்தி அறுபத்தஞ்சு நாள் சம்பளம்" என்றார். "நோட்டீஸ் மாசத்தையும் சேத்துக்கோடா."